பாலபாடம் காட்டிய வாசிப்பு வழி



களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மட்டக்குளியில் வசிக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அண்மையில் என்னிடம் தன் பாடத்தை வாசித்துக் காட்டினான். நமது நாட்டின் ஆறுகளைப் பற்றிய பாடம் அது. தங்குதடையின்றிக் கணீரென்று வாசித்தான். முடித்ததும், "தம்பி, களனி கங்கை எங்கே போய்க் கடலிலே விழுகிறது?" என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது இன்னும் பாடமாக்கேல்லை, சேர்" என்றான்.

விடை அவன் கண்முன்னே இரண்டாம் வரியில் இருந்தது. ஆறோ அவன் வீட்டுக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் பிள்ளையினுடையது அன்று. கதையை வாசிப்பது, செய்தியைப் பாடமாக்குவது என்று இரண்டாகப் பிரித்துப் பழக்கியவர்கள் நாமே. இப்பழக்கம் எங்கிருந்து வந்தது, இதை மாற்ற முயன்றவர் எவர் என்பதை இன்று சற்று நோக்குவோம்.

நமது பழைய திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளை மணலில் எழுத்து எழுதினான்; ஆத்திசூடி, கொன்றைவேந்தன் சொன்னான்; எண்சுவடியும் நிகண்டும் மனனம் செய்தான். ஏடு அரிதாயிருந்த காலத்தில் அறிவைக் காப்பாற்றும் பெட்டகம் நினைவுதான். ஆதலால் சொற்பொருளும் கணக்கும் வைத்தியமும் கூடச் செய்யுளாகவே கற்பிக்கப்பட்டன. அது அக்காலத்துக்கு ஏற்ற முறை. ஆனால் அச்சு வந்த பின்னரும் பிள்ளை நூலைச் சுமக்கும் பெட்டகமாகவே இருந்தால், நூல் எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மிசன் பாடசாலைகள் வசன நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் புதிய அறிவைத் தமிழ் வசனத்தில் சொல்ல முற்பட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேச வைத்திய நூல்களைத் தமிழாக்கும் பணியை நடத்தினார். உடலின் எலும்பையும் நரம்பையும் தமிழில் விளக்க முடியும் என்பது அங்கே நிரூபிக்கப்பட்டது.

இந்தச் சூழலிலே வளர்ந்தவர்தான் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைபுரிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை வந்தால் போதுமா? பிள்ளைகளின் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டும். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாலபாடத்தின் முதற் புத்தகங்கள் 1850ஐ ஒட்டி வெளிவந்தன.

அப்புத்தகங்களின் பெருமை அவற்றின் படிமுறையில் இருக்கிறது. எழுத்து, பின் சிறு சொல், பின் சொற்றொடர், பின் வாக்கியம், அதன் பின்னரே பத்தி. நான்காம் புத்தகத்துக்கு வரும்போது கல்வி, தானம், பசுக்காத்தல் முதலிய பொருள்களைப் பற்றிய முழுக் கட்டுரைகளையே மாணாக்கன் எதிர்கொள்கிறான். கதையின் சுவை இல்லாமலும், ஒரு பொருளைத் தொடர்ந்து பற்றிச் செல்ல அவன் அதற்குள் பழகிவிடுகிறான். இலங்கைப் பூமிசாஸ்திரம் என்ற நூலையும் நாவலர் எழுதினார் என்பது பலருக்கு மறந்துபோன செய்தி.

இன்னொன்றும் உண்டு. நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காகக் கையாண்ட முன்னோடி அவர். இதைச் சிறிய காரியமென்று எண்ணிவிடாதீர்கள். எங்கே நிற்பது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் எது ஒரு செய்தி, எது அடுத்த செய்தி என்று தெரியும். கண்ணுக்கு நிறுத்தம் கிடைத்தால் கருத்துக்கு இடம் கிடைக்கிறது.

நாவலருடைய கருத்துக்கள் அனைத்தும் இன்று நமக்கு உடன்பாடானவை அல்ல. சாதி பற்றிய அவரது நோக்கை இன்றைய ஆசிரியன் வகுப்பறையில் போற்ற முடியாது. ஆயினும், "இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், ஏன் எழுதினார்?" என்று கேட்கப் பழகுவதும் வாசிப்பின் ஒரு பகுதிதானே! பெரியோர் நூலாயினும் அந்தக் கேள்வி பொருந்தும்.

அதன் பின்னர் எவ்வளவோ நடந்துவிட்டது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டன. நாவலர் கடல் கடந்து தேடிய வசதி இன்று வீடு தேடி வருகிறது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற அச்சம், அந்தப் புத்தகத்தை மீண்டும் மனனச் சுவடியாக்கிவிட்டது.

பெற்றோர் செய்யக்கூடியது கடினமன்று. பாடத்தைத் திறக்குமுன், "ஆற்றைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். தலைப்பையும் படத்தையும் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு கேள்வியைக் கொடுத்து, விடையுள்ள வரியை விரலால் தொட்டுக் காட்டச் செய்யுங்கள். பின் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொந்தச் சொல்லிலே சொல்லட்டும். இயலுமானால் ஆற்றங்கரைக்கே கூட்டிச் செல்லுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். முகத்துவாரத்தில் நின்று, சிவனொளிபாத மலைப் பக்கத்தில் தோன்றி ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவந்த தண்ணீர் இது என்று சொன்னபோது, "அப்ப இது மலைத் தண்ணியா, சேர்?" என்று கேட்டான். வீடு திரும்பியதும் யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் தேடினான்.

2016 மே மாதம் இதே களனி பெருக்கெடுத்துக் கொழும்பின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாளில் வெள்ள எச்சரிக்கையும், பிறகு டெங்கு அறிவித்தலும், மருந்துப் போத்தலின் சீட்டும் வீட்டுக்கு வரும். அவை எவையும் கதையாக வருவதில்லை. பாடமாக்கிக்கொள்ள அவகாசம் தருவதுமில்லை. வாசித்த உடனே விளங்க வேண்டும். பல வீடுகளில் அவற்றை வாசித்துச் சொல்லப்போகிறவன் அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான்.