ஆவடி டாங்கிகளின் குறிநோக்கிகள்

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, 1965 முதல் இந்திய ராணுவத்துக்கு டாங்கிகளைக் கட்டித் தருகிறது. அந்த டாங்கிகளின் பீரங்கியோடு இணைத்துப் பொருத்தப்படும் இலக்குப் பார்க்கும் கருவிகளே குறிநோக்கிகள். தொழிற்சாலையில் இவற்றை ‘சைட்’ என்றே சொல்வார்கள்.

பொருத்துதலின் அடிப்படை

குறிநோக்கி பீரங்கிக் குழலுக்குள் இருப்பதில்லை; பக்கத்திலோ மேலேயோ இருக்கிறது. ஆகவே பார்வைக் கோடும் குழலின் அச்சும் வெவ்வேறு. தெரிந்த தொலைவில் உள்ள ஒரு புள்ளியைக் குழலின் வாயில் வைத்த சிறு தொலைநோக்கியால் பார்த்து, குறிநோக்கியின் குறியையும் அதே புள்ளிக்குக் கொண்டுவருவது போர்சைட்டிங் எனப்படும். ஒரு மில்லிரேடியன் பிசகினால் 2000 மீட்டரில் குண்டு 2 மீட்டர் விலகும். டி-72 டாங்கியின் உயரமே ஏறத்தாழ அவ்வளவுதான். வெயிலில் குழலின் மேற்புறம் சூடேறினால் குழல் சற்றே வளையும் என்பதால், அதன்மேல் வெப்ப உறை போர்த்தப்படுகிறது.

முன்வரலாறு

குழலையும் குறியையும் ஒன்றுபடுத்தும் சிக்கல் கைத்துப்பாக்கி முதல் டாங்கி வரை பொதுவானது. அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப், கண்ணாடியில் ஒளிக்குறி மிதப்பதுபோல் தோன்றும் பிரதிபலிப்புக் குறிநோக்கியை 1900இல் உருவாக்கினார். சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975இல் மின்கலத்தால் இயங்கும் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கிமீது அதைப் பொருத்தும் தண்டவாளத்தின் அளவுகளை அமெரிக்க ராணுவம் 1995இல் மில்-எஸ்டிடி-1913 என்ற தரமாக வகுத்தது. கழற்றி மாட்டினாலும் குறி இடம் மாறாதிருக்க வேண்டும் என்பதே அத்தகைய பொருத்திகளுக்கான முதல் சோதனை.

விஜயந்தா

பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் 1961இல் செய்த உடன்பாட்டின்படி, முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் ஆவடியிலிருந்து வெளிவந்தது. அதன் 105 மி.மீ. பீரங்கிக்குத் துணையாக, தூரம் அறிவதற்கென்றே 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி இருந்தது. பீரங்கியைச் சுடும் வீரரான கன்னர் முதலில் அதைச் சுடுவார். தோட்டா இலக்கில் விழுந்த பிறகே பீரங்கி முழங்கும். பீரங்கி, துணைத் துப்பாக்கி, குறிநோக்கி ஆகிய மூன்றும் ஒரே இலக்கில் ஒத்துப்போனால்தான் இந்த முறை பலித்தது.

அஜேயா, பீஷ்மா

1980களில் ஆவடியில் தயாரான டி-72 எம்1 (அஜேயா) டாங்கியில் லேசர் தூரமானி கன்னரின் குறிநோக்கிக்குள்ளேயே வந்துவிட்டது. டிபிடி-கே1 என்ற அக்கருவி 4000 மீட்டர் வரை தூரம் சொல்லும். இரவுக் குறிநோக்கிக்கோ அகச்சிவப்பு விளக்கின் துணை வேண்டியிருந்தது. அந்த ஒளி எதிரிக்கும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடியது. ஆவடியில் கட்டப்பட்டு 2009இல் முதல் தொகுதி வெளிவந்த டி-90 (பீஷ்மா), பொருள்களின் வெப்பத்தையே படமாக்கும் கருவியால் இந்தக் குறையைத் தீர்த்தது.

அர்ஜுன்

1974இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கித் திட்டத்தை, ஆவடியில் 1976இல் அமைந்த போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் வளர்த்தெடுத்தது. இதில் குறிநோக்கியின் ஆடி இரு அச்சுகளிலும் நிலைப்படுத்தப்பட்டுள்ளது. வண்டி குலுங்கினாலும் காட்சி அசையாது. குறி முதலில் நிற்க, 120 மி.மீ. பீரங்கி அதைப் பின்தொடரும். இரண்டின் அச்சும் ஒன்றுபடும் கணத்தில்தான் குண்டு வெளியேறும். 2020 செப்டம்பரில் அகமதுநகரில், அர்ஜுனிலிருந்து ஏவப்பட்ட லேசர் வழிகாட்டு ஏவுகணை 3 கி.மீ. தொலைவு இலக்கைத் தாக்கியது. மேம்பட்ட எம்கே-1ஏ வகையில் இலக்கைத் தானே தொடரும் வசதியும், கமாண்டருக்கு இரவிலும் சுற்றிலும் பார்க்கும் குறிநோக்கியும் உண்டு.

இன்றைய நிலை

2021 அக்டோபர் 1 அன்று, இந்தத் தொழிற்சாலையை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின்கீழ் வந்தது. டாங்கிகளுக்கான ஒளியியல் கருவிகளைச் செய்யும் தேராதூன் ஆலை இந்தியா ஆப்டெல் நிறுவனத்துக்குச் சென்றது. அதற்கு முந்தைய மாதம் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆணை வழங்கப்பட்டது. கருவிகள் எவ்வளவு மாறினாலும், குழலும் குறியும் ஒன்றுபடும்படி பொருத்தும் தொழிலாளரின் துல்லியமே டாங்கியின் வலிமையை முடிவு செய்கிறது.