யாழ் நரம்பு முதல் மின்கிற்றார் வரை

யாழ்ப்பாணம் என்னும் பெயரை நாடோறும் பன்முறை சொல்லுகின்ற நாம், அப்பெயருக்கு முதலாய் நிற்கும் கருவியைச் சிற்பத்திலும் படத்திலுமன்றிக் கண்டறியோம். கண்ணொளியிழந்த யாழ்பாடி ஒருவன் அரசன்முன் யாழிசைத்து இம்மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். இதனை வரலாறென ஒப்பாத அறிஞர் பலர். கதை எங்ஙனமாயினும், யாழின் பெயரால் வழங்கும் நாட்டிலே இன்று யாழ் இல்லை, மின்கிற்றார் உண்டு. பாடசாலைக் கலைவிழா, மணவிழா, திருவிழா இரவின் இசைநிகழ்ச்சி எங்கணும் அதன் ஒலியே கேட்கின்றது. இதனைக் கண்டு பெருமூச்செறிவோர் எம் சங்கத்துப் பெரியோருள்ளும் உளர். பெருமூச்செறியுமுன் யாழ் ஏன் மறைந்தது என்று கேட்டல் வேண்டும். அதற்குரிய விடையிற் பெரும்பங்கு, நரம்பைச் சுருதியில் நிறுத்தும் தொல்லையிலே கிடக்கின்றதென்பது எமது துணிபு.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. விரலால் அழுத்தி வேறு சுரம் பிறப்பித்தற்கு அதில் மெட்டுக்கள் இல்லை. ஆகவே பேரியாழுக்கு 21 நரம்பும், சகோடயாழுக்கு 14 நரம்பும், செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் உரையாசிரியர்களாற் சொல்லப்பட்டன. 21 நரம்புடைய கருவியில் 21 இடத்திலே சுருதி கலையலாம். கோட்டிலே வளையல்போற் சுற்றிய திவவு என்னும் வார்க்கட்டுக்களை இழுத்தும் தளர்த்தியுமே பண்டைப் பாணர் நரம்பைச் சேர்த்தனர். மழையில் நனைந்தும் வெயிலிற் காய்ந்தும் ஊரூராய் நடந்த பாணன், வள்ளலின் வாயிலை அடைந்ததும் முதலிற் செய்த வேலை பாட்டன்று. நரம்பை இழுத்துச் சரிபார்த்தலேயாம். பண் மாறுந்தோறும் சில நரம்புகளை மறுபடியும் ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் இருளிலிருந்து எடுத்துக் கணக்கோடு காட்டியவர் விபுலானந்த அடிகளார். 1892இல் காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிற் கற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கியவர் அவர். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சிலப்பதிகார உரையைப் படித்தமையாலன்றோ யாழ் நூல் பிறந்தது! வெறும் இலக்கியப் புலவர் படித்திருப்பின் நயம் கூறி அமைந்திருப்பார். அடிகளார் அதிர்வெண்ணைக் கணித்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் அந்நூல் அரங்கேறியபோது, அவர் கணக்கின்படி அமைந்த யாழ்களும் இசைக்கப்பெற்றன. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

அவர் எடுத்து விளக்கிய அலகுமுறை இது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22 அலகு. இன்னும், நரம்புகளுக்கிடையே உறவுமுறையும் பழந்தமிழர் வகுத்தனர். நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இவ்வுறவுமுறையை வாசகர் மனத்திற் கொள்ளுக. கிற்றாரைப் பற்றிப் பேசுங்கால் மீண்டும் தேவைப்படும்.

யாழின் தொல்லையை வீணையின் மெட்டுக்கள் தீர்த்தன. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுக்களை அசையாமல் நிறுத்தி எல்லா இராகமும் ஒரே வீணையில் வாசிக்கும் முறை ஏற்பட்டதென்பர். நாலு நரம்பைச் சேர்த்துவிட்டாற் போதும். இராகம் மாறினும் நரம்பை மாற்றவேண்டியதில்லை. இவ்வசதிக்கு முன்னே யாழ் நிற்பதெங்ஙனம்?

கிற்றாரும் மெட்டுடைய கருவியே. எனினும் அதன் மெட்டுக்களின் கணக்கு வேறு. மேனாட்டார் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்கினர். 1581இல் வின்சென்சோ கலிலி என்பவர் (தூரதரிசினியால் வானத்தை ஆராய்ந்த கலிலியோவின் தந்தை) லூற் என்னும் நரம்புக் கருவியில் மெட்டு வைத்தற்கு 18க்கு 17 என்ற விகிதத்தைக் கூறினார். இன்றைய கிற்றாரின் மெட்டுக்கள் அவ்விகிதத்தின் திருத்தமான வடிவத்தில் அமைந்தவை. பன்னிரண்டில் ஒரு பங்கை மேலும் நூறாக்கிச் சென்ற் என்று பெயரிட்டனர். இயற்கையான அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 386 சென்ற் தொலைவில் நிற்க, கிற்றாரின் காந்தாரமோ 400இல் நிற்கின்றது. பதினாலு சென்ற் என்பது பயின்ற செவிக்குத் தெரியாத அளவன்று.

இனி உறவுமுறைக்கு வருவோம். கிற்றாரின் ஆறு நரம்புகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பன. ஈ, ஏ இரண்டும் நான்காம் உறவு. ஏ, டி அவ்வாறே. டி, ஜி அவ்வாறே. பி, ஈ அவ்வாறே. நான்கிடத்தில் நட்பு. ஜி, பி இரண்டுக்குமிடையே மட்டும் மூன்றாம் உறவு. எம் முன்னோர் கணக்கிற் பகை! கிற்றார் பயிலும் நண்பரைக் கேட்டுப்பாருங்கள். எந்த இரண்டு நரம்பு சேர்ந்துவர மறுக்கின்றனவென்று. செவி ஒன்றையே நம்பி, நான்கு நட்பையும் 4/3 என்ற தூய விகிதத்திலும் ஒரு பகையை 5/4 என்ற தூய விகிதத்திலும் சேர்த்தால், முதல் ஈயும் கடை ஈயும் சரியாக இரண்டு தாயி இடைவெளியில் நிற்கவேண்டுமன்றோ? நில்லா. பெருக்கிப் பார்த்தால் 4 வரவேண்டிய இடத்தில் 320/81 வரும். குறைவது 81/80, ஏறத்தாழ 22 சென்ற். எம் சாத்திரத்திற் பிரமாண சுருதி என்று சொல்லப்படும் அதே சிறு அளவு. எனவே கிற்றாரிற் சுருதி சேர்த்தலென்பது அந்தச் சிறு குறையை ஆறு நரம்புக்கும் பங்கிட்டுக் கொடுத்தலேயாகும். ஒவ்வொரு நட்பையும் இரண்டு சென்ற் விரித்தும், பகையைப் பதினாலு சென்ற் விரித்தும் வைத்தாற் கணக்கு நேராகும். இதனையறியாத இளைஞர் இரண்டு நரம்பை அழகாகச் சேர்த்து, மற்றை நான்கையும் கெடுத்துக்கொண்டு பிரடையைக் குறைகூறுவர்.

கணக்கு இவ்வாறாக, மின்சாரம் புகுந்த கதை தனி. ஜோர்ஜ் போஷம், அடோல்ப் ரிக்கன்பாக்கர் ஆகியோரின் முயற்சியால் 1932இல் முதல் மின்கிற்றார் விற்பனைக்கு வந்தது. மடியிற் கிடத்தி வாசிக்கும் ஹவாய் முறைக் கருவி. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாயிருந்தமையால் அதனைப் பொரிக்கும் தாச்சி என்றே வேடிக்கையாய் அழைத்தனர். உடல் முழுதும் வார்த்த அலுமினியம். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிய, சுருதி கலைந்தது. பாணனுக்கு மழையும் வெயிலும் செய்ததை இவர்களுக்கு மின்விளக்குச் செய்தது!

பின்னர் கலிபோர்னியாவில் வானொலி திருத்துந் தொழில் செய்த லியோ பென்டர், 1950இல் திண்மரப்பலகையாலான கிற்றாரை வெளியிட்டார். அவர் கிற்றார் வாசிக்கவே அறியாதவர் என்பது வியப்பு. அக்கருவியின் குதிரையில் ஆறு நரம்புக்கு மூன்றே தாங்கிகள். இரண்டு நரம்புக்கு ஒன்று. ஒரு நரம்பின் நீளத்தைத் திருத்தினால் மற்றது பிழைக்கும். 1954இல் வந்த ஸ்ரற்றோகாஸ்ரரில் ஆறு நரம்புக்கும் ஆறு தாங்கிகள் அமைந்தன. ஆனால் அதே கருவியில் நரம்பனைத்தையும் ஒருசேரத் தளர்த்தி ஒலியை அசைக்கும் நெம்புகோலொன்றையும் வைத்தார். நரம்பு தளர்ந்து மீளும்போது, கழுத்தின் தலைப்பிலுள்ள காடியில் உரசிச் சிக்கிப் பழைய இடத்துக்கு வாராது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தவாறாயிற்று. 1970களின் பிற்பகுதியில் புளொயிட் ரோஸ் என்னும் வாத்தியக்காரர் அக்காடியிலேயே நரம்பைத் திருகாணியால் இறுக்கிப் பூட்டி இதற்கு முடிவு கண்டார். 1979இற் காப்புரிமை பெற்றார். பூட்டு வாங்க வசதியற்றோர் காடியிற் பென்சிற் கரியைத் தேய்த்து உரசலைக் குறைப்பர். மலிவான வழி, பயன் குறைந்த வழியன்று.

ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்பது 1939இல் இலண்டன் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1936இற் கொன் கம்பனியாரின் சுழல்விளக்குக் கருவியும், 1975இற் கொர்க் கம்பனியாரின் கையடக்கக் கருவியும் சுருதியைக் கண்ணாற் காணச்செய்தன. இன்று கைப்பேசியே அதைக் காட்டும்.

எமது குடாநாட்டிலே 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை கிற்றாரை இளைஞர் கைக்குக் கொண்டுவந்தது. இங்கே நரம்புக்குப் பகை உப்புக்காற்று. கடலுக்கு அண்மையில் உருக்கு நரம்பு விரைவிலே துருப்பிடிக்கும். துருவேறிய நரம்பு நீளம் முழுதும் ஒரே கனமாயிராது. எத்துணை சேர்த்தாலும் மேல்மெட்டுக்களிற் பொய்யே பேசும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியாற் துடைப்பதே மருந்து. மாரியின் ஈரத்தில் மரக்கழுத்து ஒருவாறும், சோளகக் காலத்து வெப்பில் வேறொருவாறும் வளையும். ஆறு நரம்பும் சேர்ந்து 40 கிலோவுக்குமேல் இழுக்கின்றன. அந்த இழுவிசை நூற்றில் ஒரு பங்கு தளர்ந்தாலே சுருதி ஒன்பது சென்ற் இறங்கிவிடும்.

1990 தொடங்கிச் சில ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றியிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. மின்சாரமற்ற மின்கிற்றார் ஏறத்தாழ ஊமை. ஆயினும் பலகையிற் காதை வைத்தால் நரம்பின் ஒலி மரத்தின்வழி கேட்கும். சுருதி சேர்க்க அதுவே போதும். இரண்டு நரம்பும் சற்றே வேறுபட்டால் ஒலி ஏறியிறங்கி அலையும். 330க்கும் 329க்கும் விநாடிக்கு ஓரலை. அலை மெதுவாகி ஓய, நரம்பு சேரும். இதற்குக் கருவியெதுவும் வேண்டியதில்லை.

தேவாரத்துக்கு மின்கிற்றார் ஆகுமோ என்று எமது சங்கத்தில் எழும் வாதத்துக்கு ஒன்று சொல்வோம். தருமபுரத்திலே ஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழிலடங்காமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார், பிள்ளையார் தடுத்தார், அப்பண் யாழ்முரி எனப் பெயர்பெற்றது. ஒரு நரம்புக்கு ஒரு சுரமுடைய கருவிக்கு எட்டாதது சுரங்களுக்கிடையிலுள்ள வளைவே என்று நாம் ஊகிக்கின்றோம். மின்கிற்றாரிலோ மெட்டின்மேல் நரம்பை இழுத்து வளைக்கலாம். ஒலியும் நெடிது நிற்கும். 400 சென்றில் நிற்கும் காந்தாரத்தைச் செவி கேட்குமிடத்துக்கு இறக்க, ஒரு மெட்டுக் கீழே அழுத்தி வேண்டுமளவு இழுத்தாற் போதும். இதே வகையான மின் மண்டலினை எடுத்து, இரட்டை நரம்புகளை நீக்கி ஐந்து தனி நரம்பாக்கி, கருநாடக இசையின் கமகங்களை அதிற் பொழிந்தார் உ. ஸ்ரீநிவாஸ் (1969 - 2014). அவர் சிறுவனாய் மேடையேறியபோதும் இது எம் இசைக்கு ஆகாதென்று சொன்னோர் இருந்தனர். சில ஆண்டுகளுக்குள் சபைகளின் முன்வரிசையில் அவர்களே இருந்து கேட்டனர்.