ஜூரோங்கின் சிரமபரிகாரம்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங்கின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1961-ஆம் ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியதையும், நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் சங்கற்பத்தால் குன்றுகள் வெட்டப்பட்டு அந்த மண்ணே சதுப்பு நிலங்களைத் தூர்த்ததையும், 1962 செப்டம்பரில் இரும்பு எஃகு ஆலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டதையும், சாலை போட்டும் ஆலை வாராத அந்த வெற்று வெளியைக் 'கோவின் மடமை' என்று ஜனங்கள் பரிகசித்ததையும் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். அவ்வூர் உழைத்த கதை இவ்வாறு ஏடேறியிருக்க, அது இளைப்பாறக் கற்றுக்கொண்ட கதை அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

ஆலைகள் வரத் தொடங்கிய பின்னரும், அவற்றில் வேலை செய்தவர்களில் பலர் ஜூரோங்கில் குடியேற இசையவில்லை. மாலைச் சங்கு ஊதியதும் நகரத்துக்குத் திரும்பிப் போவதையே அவர்கள் விரும்பினார்கள்; புகைபோக்கிகளுக்கிடையே மனைவி மக்களுடன் வாசம் செய்ய யாருக்குத்தான் மனம் வரும்? 1968 ஜூன் மாதத்தில் ஸ்தாபிதமான ஜூரோங் நகரக் கழகம் இதற்குப் பரிகாரமாகத் தோட்டங்களையும் உல்லாச ஸ்தலங்களையும் உண்டாக்க முற்பட்டது. 1971 ஜனவரியில் பறவைப் பூங்காவும், அவ்வாண்டு ஜூலையில் காரிலிருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கும், 1973-இல் ஜப்பானியத் தோட்டமும், 1975-இல் சீனத் தோட்டமும் வந்தன. மிருகக்காட்சிசாலையைக் காட்டிலும் பறவைப் பூங்காவே மேல், ஏனெனில் தானியத்தின் விலை மாமிசத்தின் விலையைவிடக் குறைவு என்று கோ கெங் சுவீ வாதாடியதாகச் சொல்லுவார்கள்; ஓய்வுக்கும் கணக்குப் பார்த்த அந்த அமைச்சரிடம் எனக்கு மதிப்பு அதிகரிக்கிறதேயன்றிக் குறையவில்லை.

ஆற்றை மறித்து உண்டாக்கிய ஜூரோங் ஏரியின் கரையில், அதிகாலை ஐந்து மணிக்கு இன்று ஓடுகிறவர்களைப் பார்த்தால், அவர்களில் சிலர் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் நெடுந்தொலைவு டிரையத்லானுக்குத் தங்களைத் தயார் செய்துகொள்ளுகிறவர்கள் என்று தெரியவரும். ஜூரோங் கிழக்கின் பொது நீச்சல் குளத்தில் நீந்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிகள் அடங்கிய துவாஸ் சாலைகளிலோ லிம் சூ காங்கின் மரநிழலிலோ மிதிவண்டி மிதித்து, ஏரியைச் சுற்றி ஓடி, மாதக்கணக்கில் அவர்கள் தேகத்தைப் பதப்படுத்துகிறார்கள். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகையே வடக்கிலிருக்கும் இத்தீவில், வெயிலைக் காட்டிலும் காற்றின் ஈரமே பெரிய சத்துரு. வியர்வை உலராமல் உடம்பு எவ்வாறு குளிரும்? 1982 பிறந்தபோது மலேசியாவோடு ஒத்திருக்கும்பொருட்டுச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், சூரியோதயம் ஏழு மணியளவுக்குப் போயிற்று. காரியாலயம் செல்லுமுன் ஓடுகிறவர்களுக்கு இதனால் இன்னும் அரைமணி நேர இருள் கிடைத்ததை, அம்மாற்றத்தைச் செய்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இந்நெடுந்தொலைவு டிரையத்லானின் பூர்வோத்தரம் மிகவும் சமீப காலத்தது. ஹவாயின் ஓவாஹு தீவில் கடல் நீச்சல், தீவைச் சுற்றிய மிதிவண்டி ஓட்டம், மாரத்தான் என்று தனித்தனியே நடந்துவந்த மூன்றையும், நீச்சல்காரர் பெரியவரா ஓட்டக்காரர் பெரியவரா என்ற வாக்குவாதம் முற்றியதன் பேரில், ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியர் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். 1978 பிப்ரவரி 18-ஆம் தேதி 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள், ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, 42 கிலோமீட்டர் ஓடிய கார்டன் ஹாலர் முதலில் வந்தார். அவரை முந்தியிருக்கக்கூடிய ஜான் டன்பாருக்குத் துணைக்கு வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே, அவர் பீர் குடித்துவிட்டு ஓடி இரண்டாவதாக வந்த வேடிக்கையும் அன்றுதான் நிகழ்ந்தது. அப்பந்தயத்தில் சரிபாதித் தூரமுள்ளதொன்று 2007 முதல் சில ஆண்டுகள் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நடந்தது.

ஆனால் உழைப்புக்கு எல்லை வகுக்கும் வித்தையோ மிகப் புராதனமானது. தன் பலத்தில் பாதியளவே வியாயாமம் செய்ய வேண்டும், மூச்சு வாய்வழி வாங்கத் தொடங்குமிடமே அப்பாதி என்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. கிரேக்கப் பயிற்சியாளர்கள் நான்கு நாட்களை ஒரு சக்கரமாக்கி, முதல் நாள் ஆயத்தமும், இரண்டாம் நாள் கடும் பிரயாசையும், மூன்றாம் நாள் ஓய்வும், நான்காம் நாள் மிதமான பயிற்சியும் என்று வகுத்தார்கள். ஒலிம்பியாவில் வென்ற கெரெனோஸ் என்னும் மல்லன், வெற்றி விருந்தில் உண்டு குடித்துக் களைத்திருந்த நிலையிலும், சக்கரத்தை மாற்ற மனமில்லாத ஆசான் அவனை வற்புறுத்திப் பயிற்சி செய்வித்ததால் அங்கேயே மாண்டான் என்று கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்திராதோஸ் வருத்தத்தோடு எழுதிவைத்தார். ஓய்வு நாள் அட்டவணையில் இருந்தது. அன்றைய தேகத்தின் நிலையைப் பார்க்கத்தான் ஆளில்லை.

உழைப்புக்குப் பின் ஓய்வு வேண்டியிருப்பதன் காரணம் தசைக்குள்ளேயே காணப்பட்டது 1966-இல்தான். ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்னும் இரு மருத்துவர்கள், ஒரே மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும்வரை மிதித்து, பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவையே உண்டு, ஊசியால் தம் தொடைத் தசையைத் தாமே கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை முந்திய அளவை மீட்டதோடு நில்லாமல், உழையாத காலைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகியிருந்தது. உழைப்பும், அதற்குப் பின் வந்த உணவும் ஓய்வும் கூடியே அச்சேமிப்பைப் பெருக்கின. வாரந்தோறும் பயிற்சியை ஏற்றிவந்து நான்காவது வாரம் குறைப்பதும், பந்தயத்துக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைச் சுருக்குவதும், பந்தயத்துக்குப் பின் பல வாரங்கள் இலேசாக நடமாடுவதும் இக்காலத்து வழக்கமாயின. பயிற்சி நேரத்தைச் சிலாகித்துப் பேசும் நண்பர்கள் உறங்கிய நேரத்தை மட்டும் ஏனோ வெளியிடுவதில்லை.

இத்தகைய சாஸ்திர வசதிகள் எட்டாத தலைமுறையில் நம்மவர் ஓடியதையும் இங்கே குறிக்க வேண்டும். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய பி.சி. சுப்பையா, மறு ஆண்டில் ஏற்படுத்திய 31 நிமிடம் 19 விநாடி என்னும் தேசியச் சாதனை 2014 வரை அழியாமல் நின்றது. கே. ஜெயமணி 1983-ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் பந்தயத்தில் அத்தூரம் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டதே மறு ஆண்டில்தான்.

ஜூரோங்கில் ஓய்வு என்பது ஓட்டக்காரரின் பிரச்சினை மட்டுமன்று. நகரக் கழகம் பிறந்த அதே 1968-இல் வந்த வேலை நியமனச் சட்டம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வை உறுதிசெய்தது. பொது விடுமுறைகளையோ 11 ஆகக் குறைத்தது. அவ்வாராந்திர ஓய்வு நாளில்தான் ஜூரோங்கின் கப்பற்பட்டறைகளிலும் விடுதிகளிலுமிருந்து தமிழ்த் தொழிலாளர் பேருந்திலும் ரயிலிலும் தேக்காவுக்கு வந்து, சிராங்கூன் சாலையில் ஊர்க்காரரைச் சந்தித்து, பணம் அனுப்பி, புல்தரையில் அமர்ந்து உண்டு திரும்புகிறார்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு சட்டத்தில் வந்ததோ 2013-இல்; ஆலையுகம் தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து! இத்தாமதத்தைச் சரித்திரம் எழுதுவோர் மென்மையாகக் கடந்துபோவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

ஏரிக்கரையை அடுத்திருந்த ஜூரோங் கண்ட்ரி கிளப்பின் கோல்ஃப் மைதானம், கோலாலம்பூருக்கு விடவிருந்த அதிவேக ரயிலின் முனையத்துக்காக வேண்டப்படுகிறது என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது; மறு ஆண்டு இறுதியில் உறுப்பினர் வெளியேறினார்கள். 2020 டிசம்பர் முடிவில் அந்த ரயிலுக்கான உடன்படிக்கையே காலாவதியாகிவிட்டது. ஏரியின் மேற்குக் கரையிலோ, 2019 ஏப்ரலில், நகரக் கழகம் போட்ட பழைய பூங்காவையே விரிவாக்கிய 53 ஹெக்டேர்த் தோட்டமொன்று கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.