மெரினா மணலும் ராயபுரம் கல்லும்

ஐஸ் ஹவுஸ் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியும். ஆனால் கால் நனைக்கணும்னா சாலையைக் கடந்து மணலில் வெகுதூரம் நடக்கணும். 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கத்தான் அந்தக் கட்டடம் எழுந்தது. உருகும் சரக்கை யாராவது இவ்வளவு தூரம் மணலில் சுமப்பார்களா? கடல் அன்று பக்கத்தில் இருந்தது. நடுவில் உள்ள மணல் பிறகு வந்தது.

எப்படி வந்தது? 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் நீண்ட இரண்டு கற்சுவர்கள், கிழக்கே ஒரு வாசல். 1881 நவம்பர் புயல் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்குதான் ஜெயிக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார்.

மணல் நகரும் என்பது அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. கரை எத்தனை வருஷத்தில் எவ்வளவு நகரும் என்று சொல்லும் சூத்திரம்தான் இல்லை. அது 1956இல் வந்தது. பெல்னார் கோன்சிதேர் என்ற பிரெஞ்சுக்காரர் முழுக் கரையையும் ஒரே கோடாக எடுத்துக்கொண்டார். ஓர் இடத்துக்குள் வரும் மணல் அதிகமானால் கோடு கடல் பக்கம் நகரும், வெளியே போவது அதிகமானால் பின்வாங்கும். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் கம்பியில் சூடு பரவும் அதே சமன்பாடு வந்து நிற்கிறது!

அதன் விடை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவரோரம் மணல் காலத்தின் வர்க்கமூலமாக வளரும். முதல் வருஷம் ஒரு பங்கு என்றால், இரண்டு பங்காக நாலு வருஷம், மூன்று பங்காக ஒன்பது வருஷம். மணல் சுவரின் முனையைத் தொட்டுவிட்டால் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் நுழையும். சென்னையிலும் மணல் தொல்லை விடவில்லை. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார்கள்.

அந்த விடைக்கு இன்னொரு பாதி உண்டு. தெற்கே சேரும் அளவு வடக்கே குறையும், கண்ணாடியில் தெரிவதுபோல. நாம் சுண்டல் சாப்பிடும் மணல் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய மணல். அங்கே மீனவர்கள் வீடும், கட்டுமரம் இழுத்துப் போட்ட கரையும் கடலோடு போயின. இன்று அங்கே கருங்கல்தான் கரை.

1875இல் சூத்திரம் இல்லை, சரி. ஆனால் 1980களின் கடைசியில் புதுச்சேரியில் அதே மாதிரி சுவர் கட்டினபோது சூத்திரத்துக்கு வயசு முப்பதுக்கு மேல். அங்கும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊரின் கடற்கரை காணாமல் போனது.

கணிக்க முடியாமல் போன கதை இல்லைங்க இது. கணக்கில் வடக்குப் பக்கத்தைச் சேர்க்காமல் விட்ட கதை.