தேனவரை நாயனாரின் ஊர்

கொழும்பு மாளிகாவத்தை என்னும் பெயரைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு முதலில் மாளிகையே தோன்றும். பின்னொட்டாகிய வத்தை, சிங்களத்தில் தோட்டம். இரு மொழியும் ஒரு பெயருள் அடங்கிய அவ்விடத்திலிருந்து விடியற்காலையில் மருதானைக்கு நடந்து சென்று கரையோரப் புகையிரதம் ஏறுபவர், நண்பகலுக்குள் இலங்கையின் தென்கோடியை அடையலாம். அங்குள்ள சிற்றூரைத் தமிழர் இன்று தேவேந்திரமுனை என்பர். சிங்களவர் தெவிநுவர, அதாவது தேவர் நகரம், என்பர். ஆங்கிலேயர் அதனைத் தொண்டிரா என்றனர். அராபிய யாத்திரிகர் ஒருவர் தீனவர் என எழுதினார். பழந்தமிழ்ச் சாசனம் தேனவரை என்கின்றது. இத்தனை பெயர் பெற்ற ஊர் இன்று மீன்பிடித் துறைமுகமும் ஒரு கோயிலும் ஒரு வெளிச்சவீடும் உடைய சிறு பட்டினமே.

எனினும் இப்பயணத்தை மருதானைப் புகையிரத நிலையத்தில் தொடங்குதல் முறையாகாது. முதல்நாள் மாலையே கறுவாத் தோட்டத்திலுள்ள நூதனசாலைக்குச் சென்று, அங்குள்ள ஒரு கல்லைப் பார்த்து வருதல் வேண்டும். 1911ஆம் ஆண்டில் காலி நகரில், வீதியோர மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல் அது. உச்சியில் இரு நாகவுருக்கள், சீனர் தம் அரசச் சின்னமாகக் கொண்ட பறவைநாகங்கள், ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. கீழே வலப்புறம் சீனம். இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். மூன்றினுட் பாரசீகமே மிகத் தேய்ந்துபோனது. சீன எழுத்தை வாசிக்க அறியாதவரும் தமிழ்ப் பகுதியருகே சிறிது நின்று பார்த்தல் நன்று.

மிங் வமிசத்துச் சீனப் பேரரசர் யுங்லோ, தம் கடற்படைத் தலைவர் செங் ஹோ வாயிலாக அனுப்பிய காணிக்கைகளைக் கூறுவது இச்சாசனம். பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுநெய், விளக்கு, தூபக்கலம் எனப் பட்டியல் நீள்கின்றது. வியப்பு பட்டியலில் இல்லை. சீனப் பகுதி இக்காணிக்கையைப் புத்தபிரானுக்கு உரியதாக்குகின்றது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு உரியதாக்குகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியைப் போற்றுகின்றது. கொடையின் அளவோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. கல்லிற் குறிக்கப்பட்ட நாள் 1409ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் மூன்றாம் முறையாகச் சீனத்தை விட்டு நீங்கியதோ அவ்வாண்டின் பிற்பகுதியில். ஆகவே கல் சீனத்திலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்ததென ஆராய்ச்சியாளர் கொள்வர். அங்ஙனமாயின், தமிழ் வாசகத்தை இயற்றிக் கொடுக்கவல்ல ஒருவர் அந்நாளிற் சீனத்தில் இருந்திருத்தல் வேண்டும். அவர் பெயரைக் கல் கூறவில்லை.

காணிக்கையோடு வந்த அதே கப்பற்படை இலங்கையிற் போரும் புரிந்தது. அந்நாளில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனாரைச் சிறைப்பிடித்து 1411இற் சீனத்துக்குக் கொண்டுசென்றது. பேரரசர் அவரைப் பின்னர் விடுவித்தார். பட்டும் பொன்னும் கொண்டு வருவோர் வாளும் கொண்டு வருவர் என்பதைக் கல் சொல்லாது, வரலாறு சொல்லும்.

இனிப் பயணம். கரையோரப் புகையிரதத்தில் வலப்பக்கத்து இருக்கை கிடைத்தவர் பாக்கியசாலி. மொறட்டுவை, களுத்துறை, அம்பலாங்கொடை எனக் கடல் பலவிடங்களிற் பாதையை ஒட்டியே வரும். இக்கடுவைக்கு முன் தெல்வத்தையை அண்டிய பெரேலியாவை வண்டி கடக்கும்போது பேச்சு அடங்குவதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தை அதன் பயணிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் அழித்த இடம் அது. காலி நிலையத்திற் பாதை முட்டி நிற்கும். ஆதலின் இயந்திரத்தை மறுமுனையிற் பூட்டி, வண்டி வந்த திசை நோக்கியே மீண்டும் புறப்படும். மாத்தறையில் ஒல்லாந்தர் கட்டிய நட்சத்திர வடிவக் கோட்டை உண்டு. அழகியதே, ஆயினும் அதற்கு அரை மணி போதும். அங்கிருந்து பஸ்வண்டியில் ஆறு கிலோமீற்றர் சென்றாற் தேவேந்திரமுனை.

இறங்கியதும் எதிர்ப்படுவது நீலவண்ண விஷ்ணு தேவாலயமும் அதனை அடுத்த பௌத்த விகாரையும் ஆகும். சுற்றிலும் கருங்கற்றூண்கள், சில நின்றும் சில சாய்ந்தும் காணப்படும். ஆடி மாதத்துப் பெரஹராவின்போது இவ்வூர் மக்கள் வெள்ளத்தில் மூழ்கும். ஏனைய நாட்களில் வெயிலும் காக்கையுமே துணை. பழைய பெருங்கோயில் எத்தன்மையது என்று அறிய விரும்புவோர், கற்றூண்களைவிட யாத்திரிகர் சொற்களையே நம்ப வேண்டியுள்ளது.

1344ஆம் ஆண்டளவில் மொரோக்கோ நாட்டு இபுனு பத்தூத்தா இங்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராய்த் தங்கி, அம்மன்னர் அளித்த துணைவரோடு பாவாதமலை ஏறி, பின் தெற்கே இறங்கியவர் அவர். கடலோரத்துப் பெருநகர், வணிகர் வாழுமிடம் என்று தீனவரைக் குறிக்கின்றார். கோயிலில் ஆயிரம் அளவினரான பிராமணரும் யோகியரும் இருந்தனர். ஆடல்பாடல் வல்ல மகளிர் ஐந்நூற்றுவர் இருந்தனர். தெய்வத் திருமேனி பொன்னாலானது, ஆளுயரமுடையது. கண்களாகப் பதித்த மாணிக்கங்கள் இரவில் விளக்கென ஒளிர்ந்தன என்று தாம் கேட்டதையும் எழுதினார். எண்களிற் சிறிது மிகை இருக்கலாம். யாத்திரிகர் வியந்தால் எண்கள் வளர்வது இயல்பே. ஆனால் இக்கோயில் ஒரு துறைமுகத்தின் செல்வத்தால் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இரண்டாம் பராக்கிரமபாகு இத்துறைமுகத்து வணிகத்துக்கு ஒழுங்குவிதிகள் வகுத்த சாசனம் இங்கேயே கிடைத்துள்ளது.

கோயிலுக்கு அருகே மேட்டு நிலத்தில் கல்கே, அதாவது கல்வீடு, என்னும் கட்டிடம் உண்டு. சுவர் கல், கூரையும் கல். அலங்காரம் மிகக் குறைவு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கூறப்படும் இதனுள் உபுல்வன் தெய்வம் எழுந்தருளியிருந்ததாக மரபு. பேரெழில் ஒன்றும் இல்லாத இச்சிறு அறையே, பெருங்கோயில் அழிந்த பின்னும் தப்பி நின்றது.

அழிவு வந்தது 1588ஆம் ஆண்டில். சீதாவக்கை இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு நெருக்கியிருந்தான். அவன் கவனத்தைத் திருப்புதற்காகத் தெற்குக் கரையைச் சூறையாடும்படி போர்த்துக்கேயர் தோமே தெ சூசாவைக் கடல்வழியே ஏவினர். கோவாவிலிருந்து வரலாறு எழுதிய தியோகோ தோ கூத்தோ இந்நிகழ்ச்சியை மறைவின்றி விவரித்துள்ளார். பொன்முலாம் பூசிய செப்புத் தகடு வேய்ந்த கூரைகள், உடைக்கப்பட்ட எண்ணிறந்த சிலைகள், எரியூட்டப்பட்ட பெருந்தேர், கருவறையிற் கொல்லப்பட்ட பசுக்கள் ஆகியவற்றைப் பெருமிதத்தோடே அவர் பதிவு செய்தார். கொழும்பிலே நடந்த போருக்காகத் தெற்கே ஒரு கோயில் அழிந்தது. கடலிலிருந்து நோக்கிய மாலுமிகள் பெருநகரென்று மயங்கிய கட்டிடத்தொகுதி அது.

அழிந்த கோயில் யாருடையது? இவ்வினா இன்றும் சூடுடையது. சைவத் தமிழர் இதனை ஈழத்து ஐந்து ஈச்சரங்களுள் ஒன்றாக எண்ணுவர். சிங்கள மரபு, செஞ்சந்தனத் திருமேனியாய்க் கடலில் மிதந்துவந்த உபுல்வன் கோயில் என்னும். பிற்காலத்தார் உபுல்வனை விஷ்ணுவே என்றனர். தொல்பொருள் அறிஞர் பரணவிதானரோ, 1953இல் வெளிவந்த தம் நூலில், உபுல்வன் ஆதியில் வருணனே என வாதித்தார். ஒவ்வொரு கூற்றுக்கும் சான்றுண்டு. ஒரு சான்றும் மற்றவற்றை முற்றாக வெல்லவில்லை. அருகிலுள்ள நாயிம்மனையில், இவ்வூர்ச் சத்திரத்திற் பிராமணர்க்கு உணவளிக்க நிலம் விட்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. அந்நிலத்தை விட்டவன் சிங்கள மன்னன். வினாவை இன்றுள்ளவர் கேட்கும் வடிவில் அவன் கேட்டிருப்பானோ என்பது ஐயமே. சீனத் தூதரும் அவ்வாறு கேட்கவில்லை. தேனவரை நாயனார் என்று ஊர்ப்பெயராற் குறித்து, காணிக்கையைச் செலுத்திச் சென்றனர்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பிரிவேனையைச் சேர்ந்த பிக்கு ஒருவர் ‘கோகில சந்தேசம்’ என்னும் சிங்களத் தூது நூலை இயற்றினார். குயில் புறப்படுமிடம் தேவேந்திரமுனை, சேருமிடம் யாழ்ப்பாணம். அந்நாளில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டிருந்த சபுமல் குமாரன், தமிழர் வழங்கும் செண்பகப் பெருமாள், அத்தூதைப் பெறுபவன். போர் வென்றவனைப் பாடும் நூலே எனினும், தென்முனையையும் வடமுனையையும் ஒரே பறவையின் பறப்பில் இணைத்த அந்நூலைத் தமிழ் நேயர் அறிந்திருத்தல் நலம்.

மாலையில் முனைக்கு நடந்து செல்லலாம். எட்டுப் பட்டையாய் உயர்ந்த வெண்ணிற வெளிச்சவீடு 1890இல் ஒளியேற்றப்பட்டது; உயரம் 49 மீற்றர்; இலங்கையில் இதனினும் உயர்ந்தது வேறில்லை. தென்னைகளுக்கப்பால் கறுத்த பாறைகள்; அவற்றுக்கப்பால் தென்துருவக் கண்டம் வரை நீரேயன்றி நிலமில்லை. இருட்டத் தொடங்கியதும் விளக்கு சுழல்கின்றது. கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் செல்லும் பெருங்கப்பல்கள் அதனைக் குறியாகக் கொண்டு, பழைய துறையில் நில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாய்த் தொலைவிற் கடந்து போகின்றன. துறைமுகத்தில் மீன்படகுகள் இரவுத் தொழிலுக்கு ஆயத்தமாகின்றன. மாத்தறைக்குத் திரும்பும் பஸ்வண்டி தேவாலயத்து முன்றலில் நிற்கும்.