முகத்து உரோமமும் மூடிய கதவும்: பெண்கள் வீட்டில் கையாண்ட நீக்கமுறைகளின் வரலாறு

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களிடம் விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் பெண்கள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, கால் வலியில் நடக்க முடியவில்லை, சிலருக்குப் பார்வையும் மங்கியது. விசாரித்தபோது அவர்கள் எல்லாரும் கோரெம்லு என்ற முகக் களிம்பைப் பூசியிருந்தது தெரிந்தது. மேலுதட்டிலும் தாடையிலும் முளைக்கும் முடியை அடியோடு போக்கும் என்று விற்கப்பட்ட அந்தக் களிம்பில் தாலியம் அசிட்டேட் கலந்திருந்தது. தாலியம் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. முடியை உதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்மையிலேயே உண்டு. தலையில் படர்தாமரை கண்ட குழந்தைகளுக்கு முடி உதிர்வதற்காக மருத்துவர்களே அதைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் பூசிய இடத்தோடு அது நிற்பதில்லை. தோல் வழியே உள்ளே இறங்கி நரம்புகளைத் தாக்குகிறது.

1932இல் கோரெம்லு நிறுவனம் திவாலானது. அப்போது அதன்மீது இருந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள் 25 லட்சம் டாலருக்கும் மேல். அரசால் அதைத் தடுத்திருக்க முடியாதா? முடியாது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் கண்காணித்ததே தவிர, அழகுப் பொருள்களைத் தொடவில்லை. 1938இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

பெண்களின் முக உரோமம் பற்றிய வரலாற்றை அழகுணர்ச்சியின் வரலாறாக எழுதுவதே வழக்கம். அதை மறைப்பின் வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பெண்கள் கூடியிருந்து செய்துகொண்ட முறைகளில், நஞ்சு கலந்திருந்தபோதும், அதை அடக்கி ஆளும் அறிவு கூடவே வளர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே செய்ய வேண்டிய காரியமாக அது மாறியபோது, என்ன பூசுகிறோம் என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. கெட்டபின் வெளியே சொல்லவும் வாய் வரவில்லை.

அரிதாரமும் சுண்ணாம்பும்

நம்மிடம் உள்ள மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. சங்குப் பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, இரண்டையும் புளித்த நீர் விட்டு அரைத்துப் பூசினால் முடி உதிரும் என்கிறது அந்நூல். அங்கே அது அழகுக்காகச் சொல்லப்படவில்லை. புண்ணைச் சுற்றியுள்ள முடியை நீக்கும் சிகிச்சை. அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். கூத்துக் கலைஞர்களின் முகப்பூச்சு வழியாகத் தமிழர்களுக்கு நன்கு பழகிய பொருள்.

இதே சேர்க்கை மேற்கிலும் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் நாட்டில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கை அறிஞர் பியேர் பெலோன், பெண்கள் குளியல் கூடங்களில் ருஸ்மா என்ற கலவையைப் பயன்படுத்தியதை எழுதியிருக்கிறார். அரிதாரமும் சுட்ட சுண்ணாம்பும்தான் ருஸ்மா. அதற்கு நானூறு ஆண்டு முன்பே, இத்தாலியின் சலேர்னோ நகரில் உருவான பெண்களுக்கான ஒப்பனை நூலிலும் இந்தக் கலவை இருக்கிறது. பதம் பார்க்கும் வழியையும் அந்நூல் சொல்கிறது: ஒரு பறவை இறகைக் கலவையில் தோய்க்க வேண்டும்; இறகின் இழைகள் கழன்று விழுந்தால் பதம் வந்துவிட்டது.

அந்த இறகுச் சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இறகும் முடியும் கெரட்டின் வகைப் புரதங்களால் ஆனவை. தோலின் மேற்புறமும் அப்படித்தான். முடியைக் கரைப்பது சற்று நேரம் கூடினால் தோலையும் அரிக்கும் என்பதை வேதியியல் அறியாத அந்தப் பெண்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். குளியல் கூடத்தில் அனுபவமுள்ள பணிப்பெண் பக்கத்தில் இருந்தாள். எப்போது கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆர்சனிக் உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆபத்து இன்னதென்று எல்லார்க்கும் தெரிந்த ஆபத்தாக அது இருந்தது.

உண்மையில் ஆர்சனிக் தேவையே இல்லை. சுண்ணாம்போடு சேரும்போது உண்டாகும் சல்பைடுதான் முடியைக் கரைக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டு வேதியியலர்கள் கண்டார்கள். அதன்பின் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் சல்பைடுகள் கடைப்பொருளாகி வந்தன. அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் குறை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றின் இடத்தைத் தயோகிளைகோலேட் உப்புகள் பிடித்தன. கெரட்டின் இழைகளைப் பிணைக்கும் கந்தகக் கட்டுகளை அறுப்பதுதான் அவற்றின் வேலை. ஆன் பிரெஞ்ச் போன்ற பெயர்களில் நம் வீடுகளுக்குள் வந்த குழாய்க் களிம்புகள் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கு, அந்தப் பணிப்பெண் இல்லாத குறையை நிரப்ப வந்தது.

நூலும் சர்க்கரைப் பாகும்

சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் பாகாகக் காய்ச்சி இழுக்கும் எகிப்திய ஹலாவா, பருத்தி நூலை முறுக்கி முடியைப் பிடுங்கும் ஈரானிய முறை, இரண்டும் இன்னொருவர் கை இல்லாமல் செய்வதற்குக் கடினமானவை. ஈரானில் நூலிடுதல் வெறும் ஒப்பனையாக இருக்கவில்லை. திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்தில் முதன்முறையாக நூலிடுவது ஒரு சடங்கு. உறவுப் பெண்கள் கூடி நடத்துவது. நூலின் வேலை வேரோடு பிடுங்குவது. முடியை நீக்கத் தோலில் எதையும் பூச வேண்டியதில்லை என்பதால் நஞ்சு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அதே ஈரானில் மெல்லிய மீசை ஒரு காலத்தில் அழகின் அடையாளமாகவும் இருந்தது. கஜார் அரச காலத்து ஓவியங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி, 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் மேலுதட்டின் பூனை முடியை மைதீட்டிக் கூட்டிக் காட்டியதை எடுத்துக்காட்டுகிறார். நாசிருத்தீன் ஷாவின் மகள் இஸ்மத் உத் தௌலாவின் புகைப்படத்தில் அந்த மீசையைக் காணலாம். ஐரோப்பியப் பார்வையோடு உறவாடத் தொடங்கியபின் அந்த நூற்றாண்டின் இறுதியில் அதுவே அழகின்மையாக மாறிற்று. ஒரே நாட்டில், இரண்டு தலைமுறைக்குள் இது நடந்தது.

நோயாக மாறிய முடி

டார்வினின் மனிதத் தோற்றம் பற்றிய நூல் 1871இல் வெளிவந்தது. பெண்ணுடலில் முடி குறைந்தது பாலியல் தேர்வின் விளைவு என்றார் அவர். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் முடி மிகுந்த பெண்ணை இயற்கையின் பிறழ்வாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மருத்துவமும் பின்னாலேயே வந்தது. 1875இல் செயின்ட் லூயி நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமை முடியை மின்னூசியால் அழித்த செய்தியை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்த ஊசி பெண்களின் தாடைக்கு நகர்ந்தது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு குத்து. வலியும் செலவும் நேரமும் மிகுதி.

வலியில்லாத வழி என்று வந்தது எக்ஸ் கதிர். 1896இல் வியன்னாவின் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் அதனால் முடி உதிர்வதைக் காட்டினார். 1925 முதல் நியூயார்க்கின் ஆல்பர்ட் கைசர் உருவாக்கிய ட்ரைக்கோ இயந்திரம் அழகு நிலையங்களில் நிறுவப்பட்டது. மருத்துவரல்லாதவர்களே அதை இயக்கினார்கள். சில நிமிட அமர்வு, முகத்தில் எதுவும் உறைக்காது, முடி உதிரும். 1929 வாக்கில் அமெரிக்க மருத்துவச் சங்கம் எச்சரித்தது. நிறுவனம் விரைவில் மூடப்பட்டது. ஆனால் கதிர் உள்ளே செய்த வேலை பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது: சுருங்கிய தோல், ஆறாத புண், புற்றுநோய். 1970இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், கதிர்வீச்சால் தோல் புற்றுநோய் கண்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் முடி நீக்கத்துக்காகக் கதிர் வாங்கியவர்கள். எதற்காக வாங்கினோம் என்பதைச் சொல்லவே பலர் கூசினார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பெண்கள் கொடுத்த விலையை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

சவரக்கத்தி ஏன் ஒதுக்கப்பட்டது

இத்தனைக்கும் நடுவில் மிக எளிய கருவி ஒன்று வீட்டிலேயே இருந்தது. முகத்தில் சவரம் செய்தால் முடி தடிக்கும், கருக்கும், தாடியாகும் என்ற அச்சம் உலகெங்கும் உண்டு. நம் வீடுகளிலும் உண்டு. இதைச் சோதித்தவர் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற பெண் உடற்கூறியலாளர். மின்னூசி பிறந்த அதே செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1928இல் வெளியான அவருடைய ஆய்வு, சவரம் முடியின் தடிமனையும் நிறத்தையும் வளரும் வேகத்தையும் மாற்றவில்லை என்று காட்டியது. 1970இல் ஐந்து ஆண்களின் ஒரு காலை மட்டும் சில மாதங்கள் மழித்து ஒப்பிட்ட ஆய்வும் அதையே சொன்னது. முடியின் தடிமனைத் தீர்மானிக்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அதைத் தொடுவதே இல்லை. இயல்பாக நுனி கூரியதாக இருக்கும் முடி, வெட்டியபின் மொட்டையாக முளைப்பதால்தான் கைக்குச் சொரசொரக்கிறது.

ட்ராட்டரின் ஆய்வு வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் கோரெம்லு கடைகளில் விற்றது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நஞ்சைப் பூசிக்கொள்ளத் துணிந்தவர்கள் கத்தியை எடுக்கத் துணியவில்லை. கத்தி ஆணின் பொருள். அதை முகத்தில் வைத்தால், தனக்குத் தாடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மஞ்சள் முதல் பார்லர் வரை

தமிழ்நாட்டில் பெண்களின் முகத்துக்கு முதல் காவல் மஞ்சள்தான். கஸ்தூரி மஞ்சள், பயத்தம் மாவு, கோரைக்கிழங்கு சேர்ந்த நலங்கு மாவு, பெண் குழந்தையின் நெற்றியில் மாவுருண்டையை உருட்டித் தேய்ப்பது எல்லாம் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடந்தவை. மஞ்சள் முடி வளர்வதை நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கோரைக்கிழங்கு எண்ணெயை அக்குள் முடியில் சோதித்த சிறு ஆய்வுகள் எகிப்தில் நடந்து ஓரளவு பயன் காட்டியிருக்கின்றன; அதை முகத்துக்கு நீட்டிச் சொல்வது அவசரம். ஆனால் தினமும் தேய்த்ததில் மெல்லிய முடி சற்று உதிர்ந்திருக்கும். யாருக்கும் பெருங்கேடு வந்ததாகத் தெரியவில்லை. பின்னர் தெருவுக்குத் தெரு வந்த பியூட்டி பார்லர்களில் த்ரெட்டிங் நூல் மீண்டும் இன்னொரு பெண்ணின் கைக்கு வந்தது. மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம், “மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?” என்று கேட்கும் பார்லர் அக்காக்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு மருத்துவப் பொருள் இருக்கிறது. அடர்ந்து வளரும் தாடை முடி, சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கூறின் அடையாளமாக இருக்கலாம். மருத்துவர்கள் ஸ்டைனும் லெவெந்தாலும் 1935இல் அந்த நோய்க்கூற்றை விவரித்தபோது முக உரோமத்தையும் குறித்தார்கள். வீட்டிலேயே பிடுங்கி மறைத்துவிட்டால் அந்த அடையாளமும் மறைந்துபோகும்.

எவ்வளவு முடி மிகுதி என்பதற்கு இன்றும் பயன்படும் அளவுகோல், 1961இல் ஃபெர்ரிமனும் கால்வேயும் லண்டன் பெண்களைப் பார்த்து வகுத்த மதிப்பெண் முறையை அடிப்படையாகக் கொண்டது. உடலின் ஒன்பது பகுதிகளுக்குத் தலா 0 முதல் 4 வரை. மொத்தம் 8 வந்தால் மிகுதி என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. இனத்துக்கு இனம் முடி வேறுபடும் என்பதால், 2018இன் பன்னாட்டு வழிகாட்டுதல் அந்த எல்லையை 4 முதல் 6 வரை என்று தளர்த்தியது.

மறைந்து கிடந்த தேவை எவ்வளவு பெரியது என்பதை ஒரு மருந்து காட்டிக்கொடுத்தது. எஃப்லார்னித்தின் 1990இல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஒப்புதல் பெற்றது. நினைவிழந்து கிடந்த நோயாளிகளை எழுப்பிய மருந்து. ஏழைகளின் நோய் என்பதால் லாபமில்லை, உற்பத்தி நின்றது. 2000இல் அதுவே பெண்களின் முக முடி வளர்வதைத் தாமதப்படுத்தும் களிம்பாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்த முரணைச் சுட்டி உரக்கக் குரல் கொடுத்தது. 2001இல் அதன் உற்பத்தியாளரான அவென்டிஸ் நிறுவனம் உலகச் சுகாதார நிறுவனத்தோடு உடன்பட்டு, தூக்க நோய்க்கும் மருந்தை வழங்கியது.

இப்போது வீட்டுக் கதவுக்குள் நுழைந்திருப்பது ஒளி. முடியின் கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூடு வேரைத் தாக்கும் என்பது 1983இல் ஆண்டர்சனும் பாரிஷும் வகுத்த கோட்பாட்டின் வழியே வந்த உத்தி. கறுத்த தோலிலும் அதே நிறமி உண்டு. ஆகவே தோலும் சுடும். மருத்துவமனையில் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரால் இந்த ஆபத்தைக் குறைக்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தும், ஐபிஎல் (செறிந்த ஒளித்துடிப்பு) எனப்படும் கையடக்கக் கருவிகளில் அந்த வசதி இல்லை. இன்னொரு விளைவும் உண்டு: முகத்தில், குறிப்பாக ஹார்மோன் கோளாறு உள்ள கருத்த நிறப் பெண்களுக்கு, ஒளி பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுதலாகவே முளைப்பதை 2002 முதல் தோல் மருத்துவர்கள் பதிவு செய்து வருகிறார்கள். அந்தக் கருவிப் பெட்டிகளின் மேல் ஒரு நிற அட்டவணை அச்சாகியிருக்கிறது. அதன் கரும்பழுப்புக் கட்டம் பெரும்பாலும் பெருக்கல் குறியிட்டு அடிக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் கையை அந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தால், தமிழ்ப் பெண்களில் கணிசமானோரின் நிறம் அந்தக் கட்டத்திலோ அதற்கு முந்தைய கட்டத்திலோதான் வந்து நிற்கும்.