தீக்குத் தப்பிய ஊர்

சிறியதொரு குலத்தின் தலைவனாக 1816-இல் பதவிக்கு வந்த ஷாக்கா, பன்னிரண்டே ஆண்டுகளில் ஜூலு குலத்தைப் பேரரசாக்கினான். 1828-இல் அவனுடைய மாற்றாந்தாய்ச் சகோதரர்களே அவனைக் குத்திக் கொன்றார்கள். தென்னாப்பிரிக்காவின் எஷோவேக்கு அருகே அவன் அமைத்த தலைநகர் குவாபுலவாயோவில் நூற்றுக்கணக்கான குடிசைகள் இருந்தன. எல்லாம் வளைத்த கொம்பும் வேய்ந்த புல்லும்தான். கல் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு குடிசைகூட மிஞ்சவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த மன்னனைத் தேடி ஒரு கூட்டம் கேமராவோடு வந்து இறங்கியது.

வந்தது தொலைக்காட்சிக் கூட்டம். தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகத்துக்காக வில்லியம் ஃபௌரே இயக்கிய ‘ஷாக்கா ஜூலு’ பத்துப் பகுதிகள் கொண்ட தொடர். மன்னன் வேடத்துக்கு ஆள் அமைந்துவிட்டது: முன்னாள் கால்பந்துக் கோல்கீப்பர் ஹென்றி செலே. மேடையில் ஏற்கெனவே ஷாக்காவாக நடித்துப் பழகியவர். மன்னன் கிடைத்துவிட்டான், அவன் வாழ ஊர்தான் இல்லை.

இல்லாத ஊரைக் கட்டினார்கள். இங்க்வாலினி பள்ளத்தாக்கில், அணைநீர் தெரியும் மேட்டுச் சரிவில், ஷாக்காவின் தந்தை சென்சங்ககோனாவின் குடியிருப்பு எழுந்தது. நடுவில் மாட்டுப்பட்டி, அதைச் சுற்றி வட்டமாகக் குடிசைகள், வாசலுக்கு நேர் எதிரே மேட்டின் உச்சியில் பெரிய வீடு என்று ஜூலு மரபு மாறாமல் அமைத்தார்கள். ஒவ்வொரு குடிசையும் கவிழ்த்துவைத்த பஞ்சாரம்போல் இருந்தது. இத்தனை பாடுபட்டுக் கட்டியதன் ஆயுள் கடைசி ‘கட்’ சொல்லும்வரைதான். அதற்குப் பிறகு தீ காத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் இருவர் குறுக்கே வந்தார்கள். ஜூலு மொழியைச் சரளமாகப் பேசிய பேரி லெய்ட்ச், சாகசப் பயணி கிங்ஸ்லி ஹோல்கேட். கொளுத்த வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று படக்குழுவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஊர் பிழைத்தது. ஆனால் அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

தொடர் ஒளிபரப்பான 1986-இல்தான் நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நிறவெறி அரசின்மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்ததும் அதே ஆண்டில்தான். அந்த ஊர் இருந்த நேட்டாலில் அரசியல் மோதல்கள் வெடித்தன. உலகமே ஒதுக்கிவைத்த நாட்டுக்குச் சுற்றுலா வரப் பலரும் தயங்கினார்கள். தொடர் மட்டும் எல்லை தாண்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரசிகர்களைப் பிடித்தது. அந்தப் புகழை நம்பி, 1988-இல் ஒரு ஹோட்டல் நிறுவனம் அந்த இருவரோடு துணிந்து கைகோத்தது.

குடிசை வடிவிலேயே குளியலறையோடு தங்கும் அறைகள் முளைத்தன. 1990-இல் மண்டேலா விடுதலையானார். 1994-இல் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. கதவு திறந்ததும் பேருந்து பேருந்தாகப் பயணிகள் வந்தார்கள். ஈட்டி வடிப்பதைப் பார்த்தார்கள், சோளக்கள்ளைச் சுவைத்தார்கள், தலைக்குமேல் கால் தூக்கித் தரையதிர மிதிக்கும் இந்த்லாமு ஆட்டத்தில் சொக்கினார்கள். பழம்பெரும் ஜூலு கிராமத்தைப்போல் அவர்கள் பார்த்துப் படமெடுத்துக்கொண்ட ஷாக்காலேண்ட், எரிக்காமல் விட்ட அந்தப் படப்பிடிப்பு செட்தான்.

விமர்சனம் வராமல் இல்லை. ஷாக்காவின் கதையை வெள்ளை வணிகர்களின் கண்வழியே சொன்ன தொடர் என்ற குறை அதற்கு உண்டு. அதன் மிச்சத்தையா ஜூலு வாழ்க்கை என்று காட்டுவது? வரலாற்றாய்வாளர் கரோலின் ஹாமில்டன் 1998-இல் வெளியிட்ட நூலில் தொடரையும் இந்த ஊரையும் சேர்த்தே அலசினார். கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே கேடயம் ஏந்தி ஆடியவர்கள் ஜூலு மக்கள். பயணிகள் முன் சம்பளத்துக்கு ஆடிய இந்த்லாமு, ஜூலு கல்யாணங்களிலும் ஆடுகிற ஆட்டம். அதை எந்தக் கலை இயக்குநரும் வடிவமைத்துக் கொடுக்கவில்லை.